குப்பை என்று எழுதிய அறை

தென்காசி தெற்கு மாசி வீதியில் இருந்த திருமகள் வாசகசாலையில் நான் காப்பாளனாகச் சேர்ந்தது 1958இல். அதற்கு முன் புத்தகத்துக்கும் எனக்கும் இருந்த ஒரே உறவு, பள்ளி இறுதித் தேர்வில் இரண்டு முறை தோற்றதுதான். வாசகசாலைத் தலைவர் அய்யாத்துரையின் வெல்ல மண்டியில் என் தாய்மாமன் வேலை பார்த்தார். “மருமகன் வீட்ல சும்மா இருக்கான்” என்று அவர் சொல்லியிருக்கிறார். “அங்கயும் சும்மாதான் இருக்கணும், வரச் சொல்லும்” என்று தலைவர் சொல்லிவிட்டார். காந்திமதிநாதனாகிய நான் மூவாயிரம் புத்தகங்களுக்குக் காவலனான கதை இவ்வளவுதான்.

மூவாயிரத்தில் ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை. மண்டியில் வெல்லம் அடுக்குகிறவன் நாளெல்லாம் அதைத் தின்றுகொண்டா இருக்கிறான்? தூசி தட்டினேன், நாளிதழ்களைக் கயிற்றில் தொங்கவிட்டேன், பிற்பகலில் மேஜைமேல் தலை வைத்துத் தூங்கினேன்.

வாசகசாலையின் உண்மையான அதிபதி வித்துவான் சிவனணைந்தபெருமாள். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியர், எங்கள் நூல் தேர்வுக் குழுவுக்கு ஒரே உறுப்பினர். ஊரில் அவரைவிடப் படித்தவர் கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். படிக்காதவர்கள் சொன்னால் அது தீர்ப்புதானே. பிறகு நான் கவனித்துப் பார்த்ததில், அவர் படித்த புத்தகங்கள் மொத்தம் பதினொன்று. அந்தப் பதினொன்றையே முப்பது வருடமாகத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவதைத் தொட்டால் கற்புக்குப் பங்கம் வந்துவிடும் என்பதுபோல நடந்துகொண்டார்.

ஊரில் வக்கீலோ டாக்டரோ இறந்துபோனால் பிள்ளைகள் அவருடைய புத்தகங்களை டிரங்குப் பெட்டியோடு எங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். வித்துவான் வந்து நாற்காலியில் உட்கார்வார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட வேண்டும். பெயரைப் பார்ப்பார், “குப்பை” என்பார். துப்பறியும் கதை, குப்பை. கப்பல் பயணம், குப்பை. மாட்டு வைத்தியம், அதுவும் குப்பை. “நட்சத்திரத்தைப் பற்றி வெள்ளைக்காரன் என்ன சொல்வது?” என்று கேட்டு வான நூலையும் தள்ளிவிடுவார். இந்தப் புத்தகங்களுக்கென்றே பின்கட்டில் ஓர் அறை இருந்தது. அதன் கதவில் சாக்பீஸால் ‘குப்பை’ என்று எழுதியதும் அவர்தான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதை மட்டும் குறை சொல்ல முடியாது.

முன்கட்டு அலமாரியில், கண்ணில் படும் உயரத்தில், அவர் எழுதி அச்சிட்ட நூல் இருந்தது. ஏதோ ஒரு மடத்துச் சுவடியிலிருந்து எடுத்த மலைப்பாடல்களுக்கு அவருடைய உரை. முந்நூறு பிரதி அச்சிட்டார். இருநூற்று அறுபது எங்கள் மாடிப்படிக்கு அடியில் அட்டைப் பெட்டிகளில் இருந்தன. எலி கூட அவற்றைத் தொடவில்லை.

1959 ஐப்பசியில் ஒரு மழை நாளன்று குழல்வாய்மொழி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். குடையை மடக்கி வாசலிலேயே உதறி, சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். குற்றாலத்தில் ஒரு விடுதியை மேற்பார்வை பார்ப்பதாகச் சொன்னாள். முதலாளி செங்கோட்டைக்காரர், சீசனுக்கு ஒரு தடவைதான் எட்டிப் பார்ப்பாராம். அவள் புருஷன் சுடலைக்கண்ணு, அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். சாரல் காலத்தில் வந்து தங்குகிறவர்கள் தலையணைக்கு அடியில் புத்தகங்களை மறந்துவிட்டுப் போவார்கள். அவற்றைப் படித்துப் பழகிவிட்டாள். சீசன் முடிந்தால் ஆளும் இல்லை, புத்தகமும் இல்லை.

“எட்டு மாசம் சும்மா இருக்க முடியல. உறுப்பினரா சேத்துக்கோங்க” என்றாள்.

அதுவரை எங்களிடம் பெண் உறுப்பினர் கிடையாது. கூடாது என்று விதியும் கிடையாது. ஒருத்தி வருவாள் என்று யாரும் நினைக்காததால் விதி எழுதத் தோன்றவில்லை. நான் வித்துவானைப் பார்த்தேன். அவர் நாளிதழைக் கீழே இறக்காமலே பேசினார்.

“சமையல் புத்தகம் இங்கு இல்லை அம்மா.”

“சமையல் எனக்குத் தெரியுங்க ஐயா. தெரியாதவுகளுக்குத்தான அந்தப் புஸ்தகம்.”

நாளிதழ் இறங்கியது. “பிறகு என்ன மாதிரி நூல் வேண்டும் உனக்கு?”

“எல்லாத்துலயும் ஒண்ணு ஒண்ணு வேணும். எது எப்படி இருக்குன்னு பாக்கணும்லா.”

வித்துவான் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன், அதுவும் என் வேலையில் அடக்கம். “இந்தா, இதைப் படி” என்று தன் உரைநூலையே எடுத்துக் கொடுத்தார். முதல் பக்கத்தைத் தாண்டினவர்கள் ஊரில் இல்லை என்பது அவருக்கும் தெரியும். அவள் இனி இந்தப் பக்கம் வரமாட்டாள் என்பதுதான் கணக்கு.

அடுத்த வாரமே வந்துவிட்டாள். வித்துவானும் இருந்தார்.

“பாட்டு நல்லா இருக்கு. கீழ போட்டிருக்க உரைதான் கெடுக்குது” என்று என் மேஜைமேல் புத்தகத்தை வைத்தாள். உரையை எழுதியவர் எதிரில் இருப்பவர்தான் என்பது அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கு விளங்கவில்லை. “பதினோரு எடத்துல ‘ஒரு வகை மரம்’னு போட்டிருக்கு. ஏழு எடத்துல ‘ஒரு வகைப் பறவை’. ஒரு வகைன்னா எந்த வகை? எழுதினவருக்குத் தெரியாதா, தெரிஞ்சும் நமக்குச் சொல்லக்கூடாதா?”

வித்துவான் சிவந்துபோனார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். போகிறபோது என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். அவருடைய செந்தமிழ் கோபத்துக்குத் தாங்காது. “ஏலே, இனி அவளுக்குப் புஸ்தகம் கிஸ்தகம் குடுத்தேன்னு தெரிஞ்சிது, ஒனக்கு இங்கன வேலை கெடையாது பாத்துக்கோ.”

நான் உள்ளே வந்து அவளிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. பின்கட்டுக் கதவைப் பார்த்தாள்.

“அதுல என்ன இருக்கு?”

“குப்பை.”

“புஸ்தகக் குப்பையா?”

“ஆமா.”

“புஸ்தகம்தான குடுக்கக் கூடாதுன்னாரு. குப்பையக் குடுக்கக் கூடாதுன்னாரா?”

நான் நல்லவனாக இருந்ததால் சாவியைக் கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்குத் தூக்கம் வந்தது. அவள் சீக்கிரம் போனால் போதும் என்று கொடுத்தேன். ஒரு மணி நேரம் உள்ளே உருட்டிவிட்டு, தும்மிக்கொண்டே நான்கு புத்தகங்களோடு வெளியே வந்தாள். ஒரு துப்பறியும் கதை, மின்சார மோட்டார் பழுது பார்ப்பது, துருவப் பிரதேசத்துக்குப் போய் வந்த ஒருவனின் நாட்குறிப்பு, ஒரு மருத்துவச்சியின் வாழ்க்கை வரலாறு.

வித்துவான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து வாராவாரம் வந்தாள். திருப்பிக் கொடுக்கும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு துண்டுக் காகிதம் இருக்கும். விடுதி ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியது. படித்ததை மறந்துவிடாமலிருக்க எழுதுகிறாளாம். துருவப் பயணப் புத்தகத்தில் இருந்தது இது: ‘பனியில் ஒரு காலை இழக்கிறான். அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, நாய் செத்ததற்கு இரண்டு பக்கம் எழுதுகிறான். இவன் சொல்வதை நம்பலாம்.’

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படி என்னதான் நாய் என்று பார்க்கத்தான் அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். சாயங்காலம் வித்துவான் வந்து என் மேஜையைத் தட்டியபோது அறுபது பக்கம் தள்ளியிருந்தேன். வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு விரல் நுனியெல்லாம் பனியில் மரத்துப்போனமாதிரி இருந்தது. இருபத்தாறு வயதுவரை எனக்கு இப்படி நடந்ததில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் முதலில் சந்தோஷமாக இருந்தது. யானைப்பாலம் தாண்டியதும் கோபம் வந்தது. ஒரு வருடமாக இவற்றின் பக்கத்திலேயே தூங்கியிருக்கிறேனே என்ற கோபம்.

அதன்பிறகு அவள் துண்டுகளைப் பின்பற்றியே நான் படித்தேன். துப்பறியும் கதையில் எழுதியிருந்தாள்: ‘கொன்றது யார் என்று நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. அதனால் என்ன. ஒரு வீட்டில் யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்பதை இவ்வளவு சரியாக எழுதினவர் குறைவு.’ மருத்துவச்சி புத்தகத்தில்: ‘இதை ஆண்கள் படிக்க வேண்டும். படிக்கமாட்டார்கள்.’ நான் ரோஷத்தோடு படித்தேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. மோட்டார் புத்தகத்தில்: ‘கதை மாதிரியே இருக்கிறது. ஒன்று நின்றால் எதனால் நின்றது என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்படுகிறார்கள்.’ வான நூலில் இவ்வளவுதான்: ‘நாம் ரொம்பச் சிறியவர்கள். வித்துவானும்.’

புத்தகம் என்றால் ஒரே சாமான் என்று நினைத்திருந்தேன், வெல்லம் மாதிரி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பேசும், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகக் கேட்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மோட்டார் புத்தகத்தை மெதுவாகப் படிக்க வேண்டும். துப்பறியும் கதையை அப்படிப் படித்தால் கெட்டுவிடும். நாட்குறிப்பில், எழுதாமல் விட்ட நாள்களை எண்ண வேண்டும். கவிதையை நான் கடைசியாகத்தான் தொட்டேன். வித்துவானின் புத்தகத்தில் உரையைக் கையால் மறைத்துக்கொண்டு பாட்டை மட்டும் படித்தேன். அவள் சொன்னது சரிதான், பாட்டு நன்றாக இருந்தது.

நான் படிப்பதைப் பார்த்து மற்றவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். இலஞ்சியில் தென்னந்தோப்பு வைத்திருந்த நல்லதம்பி அண்ணாச்சி மாட்டு வைத்தியத்தைக் கொண்டுபோய் இரண்டு மாதம் தரவே இல்லை. குடை பழுது பார்க்கும் துல்கர்னைன் துப்பறியும் கதையாக வாங்கிப் படித்தான். அது தீர்ந்ததும் வேறு வழியில்லாமல் கப்பல் பயணங்களுக்கு வந்து, அதிலிருந்து மீளவே இல்லை. முன்கட்டில் வித்துவான் தேர்ந்தெடுத்த நூல்கள் கம்பீரமாகத் தூசி பிடித்துக்கொண்டிருந்தன. பின்கட்டில் ஆட்கள் நின்றார்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் இது வித்துவானுக்குத் தெரியவில்லை. வாசகசாலையில் யார் படிக்கிறார்கள் என்று பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. தெரிந்ததும் என்னைத் திட்டவில்லை, ஒரு நாடகத்துக்கு ஏற்பாடு செய்தார். 1961 தை மாதம் ஆண்டுக்கூட்டம். ‘தரமற்ற நூல்களை அகற்றுதல்’ என்று ஒரு தீர்மானம். அந்த நூல்களால் பயன் அடைந்ததாகச் சொல்லும் வாசகி சபை முன் வந்து விளக்கம் தரலாம் என்று அவளுக்கு ஒரு கார்டும் போட்டார்.

அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். சுடலைக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் எழுதப் படிக்கத் தெரியாதவன். புஜம் இரண்டும் உருண்டு திரண்டிருக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லோருடைய தோள்பட்டையையும் எடை போட்டுக்கொண்டிருந்தான்.

நாற்பது பேர் இருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் வடைக்காக வந்தவர்கள். வித்துவான் எழுந்து, வாயில் நுழையாத ஒரு சொல்லைச் சொல்லி, “இதன் பொருள் யாது?” என்று அவளைக் கேட்டார்.

“தெரியாதுங்க” என்றாள்.

இன்னொரு சொல். அதுவும் தெரியாது என்றாள். சபை சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவருக்காவது அந்தச் சொல்லின் பொருள் தெரிந்திருந்தால் நான் என் காதை அறுத்துக்கொள்வேன்.

“சொற்பொருள்கூடத் தெரியாத ஒருவர் நூலின் தரத்தை அறிவாரா? சபையோர் முடிவு செய்யட்டும்” என்று சொல்லி உட்காரப் போனார்.

“நானும் ஒண்ணு கேக்கலாமா ஐயா?” என்றாள் அவள்.

வித்துவான் பெருந்தன்மையாகக் கையை அசைத்தார்.

முன்பே என்னிடம் வாங்கிப் போயிருந்த அவருடைய உரைநூலை அவள் பையிலிருந்து எடுத்தாள். “இதுல நாப்பத்தி மூணாம் பாட்டு. மரப்பொந்துக்குள்ள பொட்டைப் பறவை அடைஞ்சு கெடக்கு. வாசல் மண்ணால அடைச்சிருக்கு. ஆண் பறவை பழத்தக் கொண்டாந்து சந்து வழியா ஊட்டுது. நீங்க கீழ எழுதியிருக்கிய, ‘ஒரு வகைப் பறவை. இது புலவரின் கற்பனை. கணவன் மனைவியை இல்லத்துள் அடைத்துக் காக்க வேண்டும் என்பது கருத்து’ன்னு.”

“ஆம். அதில் என்ன ஐயம்?”

“அது கற்பனை இல்ல. இருவாட்சின்னு பேரு. செங்கோட்டைப் பக்கம் விறகு வெட்டுதவங்க வேழாம்பல்ம்பாங்க. மூக்குக்கு மேல கொம்பு மாதிரி ஒண்ணு இருக்கும். செண்பகாதேவி அருவிக்கு ஏறிப் போற வழியில நான் பாத்திருக்கேன். றெக்கை அடிச்சா ரயில் வார மாதிரி சத்தம் கேக்கும்.” அவள் பையிலிருந்து இன்னொரு புத்தகத்தை எடுத்துப் படத்தை விரித்துக் காட்டினாள். குப்பை அறையிலிருந்த பறவை நூல். “அப்புறம், அடைக்கது ஆண் இல்லைங்க. பொட்டைதான் தானா உள்ள இருந்து பூசி அடைக்குது. பாம்பு கீம்பு வராம இருக்க. குஞ்சு பொரிச்சு, நேரம் வந்ததும் மூக்கால கொத்தி தானா ஒடச்சிக்கிட்டு வெளிய வருது. ஒருத்தரும் தெறந்துவிட வேண்டாம். பாட்டு எழுதினவரு இதெல்லாம் பாத்துத்தான் எழுதியிருக்காரு. உரை எழுதின நீங்க அண்ணாந்து பாக்கல.”

இந்த முறை சபை சிரிக்கவில்லை. பொழிப்புரைக்குப் பழகிய சபை, எங்கே சிரிப்பது என்று யாராவது சொன்னால்தானே சிரிக்கும். முப்பது வருடமாக மலைக்குக் கீழே குடியிருந்துகொண்டு மலைப்பாடலுக்கு உரை எழுதியவர் வித்துவான். தலைவர் அய்யாத்துரைதான் பேசினார்.

“பறவை அங்கன கெடக்கட்டும். தீர்மானத்த முடிங்க, வடை ஆறுது.”

தீர்மானம் நிறைவேறியது. நல்லதம்பி அண்ணாச்சியும் துல்கர்னைனும் மட்டும் கை தூக்கவில்லை. நானா? எனக்கு வாக்குரிமை இல்லை. இருந்திருந்தாலும் தூக்கியிருப்பேனோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு.

மறுநாள் பழைய பேப்பர்க் கடைக்காரன் வரவேண்டும். நான் காலையிலேயே மண்டிக்குப் போய்த் தலைவரிடம் கேட்டேன். “அதையெல்லாம் குத்தாலத்துக்கு ஏத்திவிட்டா என்ன அண்ணாச்சி?”

“எங்கன போனா என்னலே, எடம் காலியானாச் சரி” என்றார். எங்கள் வாசகசாலை வரலாற்றிலேயே அறிவுள்ள ஒரே முடிவு அதுதான். எடுத்தவருக்கு அது தெரியாது. வெல்லம் ஏற்றும் வண்டியில் பதினாறு மூட்டை ஏற்றினேன். வாசலில் வண்டி நின்றபோது வித்துவான் வந்துவிட்டார்.

“எங்கே போகிறது இது?”

“குப்பைக்கு” என்றேன்.

நான் வாழ்க்கையில் துணிந்து சொன்ன முதல் வார்த்தை, அதுவும் பொய். சாயங்காலமே அவருக்கு விஷயம் தெரிந்து என்னை நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. படிக்க வேண்டியதெல்லாம் எனக்கு முன்னாலேயே வண்டியேறிப் போயிருந்தது. குழல்வாய்மொழி செங்கோட்டை முதலாளிக்கு எழுதிக் கேட்டு, விடுதி வாசல் மேஜைக்கு என்னை வைத்துக்கொண்டாள். மாடியில் மழை ஒழுகாத ஒரு அறையில் புத்தகங்களை அடுக்கினோம். சீசனுக்கு வருகிறவர்கள் எடுத்துப் படித்தார்கள். சிலர் திருடிக்கொண்டும் போனார்கள். “திருடுறவன் படிப்பான், விடு தம்பி” என்பாள். சுடலைக்கண்ணு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டு அவளை வாசிக்கச் சொல்வான். எந்தப் புத்தகமானாலும் முதலில், “இதுல செத்துப்போறது யாரு, அதச் சொல்லு” என்று கேட்பான்.

1964 ஆடியில் வித்துவான் எங்கள் விடுதிக்கே வந்தார். முழங்கால் வீக்கம். பத்து நாள் எண்ணெய் தேய்த்து அருவியில் குளிக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். வேறு எங்கும் இடம் இல்லை. குழல்வாய்மொழி அவரை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, கீழ்த்தளத்தில் அறை கொடுத்தாள். சுடலைக்கண்ணு அவர் காலைப் பிடித்துவிட்ட பிடியில் இரண்டு நாள் அவர் முனகல் மாடிவரை கேட்டது.

மூன்றாம் நாள் சாரல் விடாமல் அடித்தது. வித்துவான் என் மேஜைக்கு வந்து நின்றார்.

“படிக்க ஏதாவது உண்டா?”

“குப்பைதான் உண்டு ஐயா” என்றேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பின்னால் வந்த குழல்வாய்மொழி ஒரு துப்பறியும் கதையைக் கொடுத்தாள். மறுநாள் காலையில் அதைத் திருப்பிக் கொண்டுவந்து, இரண்டு விரலால் பிடித்து மேஜைமேல் போட்டார். “மொழிநடை மகா மட்டம். இலக்கணப் பிழை நூற்றுக்கு மேல்” என்றார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “இவர் எழுதியது இன்னும் இருக்கிறதா?” என்று கேட்டார்.

அந்தப் பத்து நாளில் துப்பறியும் கதைகள் ஆறு, கப்பல் பயணம் ஒன்று, வான நூலில் பாதி படித்தார். ஒவ்வொன்றையும் மட்டம் என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்டார். ஊருக்குப் போய் வழக்கம்போலப் பள்ளி மேடைகளில் ‘இன்றைய குப்பை நூல்களும் இளைஞர் சீரழிவும்’ என்று பேசிக்கொண்டிருந்தார். படித்தால் மனிதன் மாறிவிடுவான் என்பது படிக்காதவர்களின் நம்பிக்கை.

அவர் பெட்டியோடு பஸ் ஏறிப் போன அன்று, குழல்வாய்மொழி அவர் தங்கியிருந்த அறையைக் கூட்டிவிட்டு வந்தாள். அவர் பெயரை எடுக்கவே இல்லை. முந்தின வாரம் ஆலங்குளத்துக்காரர் ஒருவர் விட்டுப்போன தேனீ வளர்ப்புப் புத்தகம் அவள் கையில் இருந்தது.

“தம்பி, ஒரு பெட்டி வாங்கி மாடியில வச்சா என்ன?” என்றாள்.

“கொட்டாதா?” என்றேன்.

“கொட்டும்னுதான் எழுதியிருக்கு. எங்கன கொட்டுனா என்ன செய்யணும்னும் எழுதியிருக்கு” என்று சொல்லி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.